மின்னணு நம்பர் பிளேட்டும் நம்ம ஊர் டிஎன் 23-உம்: புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்குப் படிப்படியாக

குடியாத்தத்தில் இருக்கும் என் மாமா ஓய்வு பெற்ற ஆசிரியர். இரண்டு மாதத்துக்கு முன் அவர் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. நாமக்கல்லில் அவருடைய கார் சிக்னலைத் தாண்டிவிட்டதாம், அபராதம் கட்டச் சொல்லி செலான். அந்தத் தேதியில் கார் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது. மாமா நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்க்கப் போயே பத்து வருஷம் ஆகிறது.

செலானில் இருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மாமாவுடையது வெள்ளைக் கார், போட்டோவில் இருந்தது சிவப்பு. அந்தக் காரின் எண்களை ஸ்டிக்கர் கடையில் வளைத்து வளைத்து எழுதியிருந்தார்கள். டிஎன் 28, அதாவது நாமக்கல் வண்டி. 8-இன் இடது பக்கம் மூடாமல் இருந்ததால் பார்த்தவர் கண்ணுக்கு அது 3 ஆகிவிட்டது. டிஎன் 23 நம் வேலூர். மீதி எழுத்துகளும் எண்களும் மாமா வண்டியுடையது போலவே அமைந்துபோயின.

அதே வாரம் கலிபோர்னியாவில் இருக்கும் மாமா பெண் வீடியோ காலில் ஒரு காரைக் காட்டினாள். நம்பர் பிளேட் இருக்கவேண்டிய இடத்தில் திரை. “இந்த மாதிரி இங்கேயும் வந்துட்டா இந்தத் தொல்லையே இருக்காது இல்லப்பா?” என்று மாமா என்னைக் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான், புதிதாகக் கார் வாங்கியவர்களும் செய்து பார்க்கிற மாதிரி, இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்தத் திரை என்ன?

மின்னூல் படிக்கிற கருவிகளில் இருக்கும் அதே மின்மை (இ-இங்க்) திரைதான். கருப்பு வெள்ளையில் இருக்கும். தாளில் அச்சடித்த மாதிரி வெயிலிலும் தெளிவாகத் தெரியும். எழுத்து மாறும் நேரத்தில் மட்டும்தான் மின்சாரம் செலவாகும், மாறாமல் நிற்பதற்கு மின்சாரம் தேவையில்லை. கலிபோர்னியாவில் 2013-இல் சோதனைக்கு அனுமதி கொடுத்தார்கள், 2018-இல் விற்பனைக்கு வந்தது, 2022-இல் இயற்றிய சட்டத்தால் எல்லா வாகன உரிமையாளர்களுக்கும் அனுமதி கிடைத்தது. அரிசோனா, மிச்சிகன் மாநிலங்களிலும் அனுமதி கொடுத்தார்கள்.

அங்கே அதை வாங்குவதற்கு முக்கியக் காரணம், வண்டிப் பதிவைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பித்து பிளேட்டில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டவேண்டும் என்பது. திரை இருந்தால் அந்த வேலை போனிலேயே முடிந்துவிடும். வண்டி திருடு போனால் பிளேட்டிலேயே அப்படிக் காட்டவும் செய்யலாம். நமக்கோ தனியார் காரின் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும், ஆயுட்கால வரியை முதலிலேயே கட்டிவிடுகிறோம். ஒட்டுவதற்கு ஸ்டிக்கரே இல்லாத ஊரில் அந்த வசதியால் யாருக்கு என்ன பயன்?

மாமா நினைத்தது போல தொல்லையும் தீராது. கலிபோர்னியாவில் இந்தப் பிளேட்டுகளை நிர்வகிக்கும் கணினி அமைப்புக்குள் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் நுழைந்து காட்டியதாக 2023 ஜனவரியில் செய்தி வந்தது. வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கவும், திருட்டு வண்டி என்று குறிக்கவும் அவர்களால் முடிந்தது. 2024 கடைசியில் இன்னொரு ஆராய்ச்சியாளர் பிளேட்டைக் கையில் எடுத்து, உள்ளிருக்கும் மென்பொருளை மாற்றி, வேண்டிய எண்ணைக் காட்ட வைத்தார். திறமை உள்ளவன் நினைத்தால் மாமாவின் நம்பரை அச்சு அசலாக இன்னொரு காரில் காட்டிவிடலாம்.

இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50-ஆவது விதி, பிளேட் அலுமினியத்தில் இருக்கவேண்டும் என்கிறது. அதனால் “டிஜிட்டல் நம்பர் பிளேட்” என்று ஆன்லைனில் யார் எதை விற்றாலும் வாங்காதீர்கள். நம் காரில் ஏற்கெனவே இருப்பது நல்ல பிளேட்தான். அதைப் படித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

படி 1: ஈரத்துணியோடு முன்னால் உட்காருங்கள்

2019 ஏப்ரல் 1 முதல் தயாரித்த எல்லாப் புது வண்டிகளுக்கும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை டீலரே பொருத்தித் தரவேண்டும். ஆர்டிஓ ஆபீஸில் எச்.எஸ்.ஆர்.பி. என்று சொன்னால் இதுதான். பாலாற்றுப் பாலத்து மண்ணும் பைபாஸ் புழுதியும் படிந்திருக்கும், முதலில் துடைத்துவிடுங்கள்.

இடது மேல் மூலையில் 20 மில்லிமீட்டர் சதுரத்தில் அசோகச் சக்கரம் பதித்த ஹாலோகிராம் இருக்கும். தலையை லேசாகச் சாய்த்தால் அது மின்னும். வெறும் நீல ஸ்டிக்கர் மின்னாது. இடது ஓரத்திலேயே ஐ.என்.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் நீல நிறத்தில் இருக்கும். எண்களின் மேல் விரலை ஓட்டுங்கள், புடைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கருப்புப் பூச்சை உற்றுப் பார்த்தால் சாய்வாக, வரிசை வரிசையாக இந்தியா என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து தெரியும். கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொண்டு பாருங்கள், மாமாவுக்கு அப்படித்தான் தெரிந்தது.

கடைசியாக இடது கீழ் மூலை. அங்கே லேசரால் பொறித்த ஒரு எண் இருக்கும். கீறல் மாதிரி மெலிதாக இருப்பதால் பலர் கவனிப்பதே இல்லை. முன் பிளேட்டுக்கு ஒரு எண், பின் பிளேட்டுக்கு வேறு எண். இரண்டும் உங்கள் வண்டியின் பதிவோடு சேர்த்து அரசுக் கணினியில் ஏற்றப்பட்டிருக்கும். என்னைக் கேட்டால் இந்தப் பிளேட்டில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் மதிப்பு. ஸ்டிக்கர் கடையில் உங்கள் நம்பரை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், இந்த எண் அவர்களுக்குத் தெரியாது. இரண்டு பிளேட்டையும் அந்த மூலை தெளிவாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பின்பக்கத்துப் பூட்டு

பின் பிளேட்டைப் பிடித்திருப்பது சாதாரண ஸ்க்ரூவா என்று பாருங்கள். திருப்புளி வைக்க இடமே இல்லாத, ரிவெட் மாதிரியான ஸ்நாப் லாக் இருக்கவேண்டும். அதைக் கழற்றினால் உடைந்துவிடும், மறுபடி போட முடியாது. திருடன் பிளேட்டைக் கழற்றி வேறு வண்டிக்கு மாட்டக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி.

பம்பரில் டிங்கரிங், பெயின்ட் வேலை முடிந்து வரும் வண்டிகளில்தான் இது பெரும்பாலும் காணாமல் போகிறது. பூட்டை உடைத்துவிட்டு இரண்டு ஸ்க்ரூவைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். வண்டியை எடுக்கும்போதே குனிந்து பாருங்கள். இல்லையென்றால் ஷோரூமில் சொல்லிப் புது ஸ்நாப் லாக் போட்டுவிடுங்கள்.

படி 3: கண்ணாடியில் இருக்கும் மூன்றாவது பிளேட்

முன் கண்ணாடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் விதிப்படி ஒரு நம்பர் பிளேட்தான். பெட்ரோல், சிஎன்ஜி வண்டிக்கு வெளிர் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு, மற்றவற்றுக்குச் சாம்பல் நிறம். பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்து வண்டியாக இருந்தால் மேலே 1 சென்டிமீட்டர் பச்சைப் பட்டை இருக்கும். பதிவு எண், இரண்டு பிளேட்டின் லேசர் எண்கள், இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் இதிலேயே இருக்கின்றன. வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடவேண்டும்.

உரித்தால் இந்த ஸ்டிக்கர் கிழிந்துவிடும். கண்ணாடி மாற்றினால் புது ஸ்டிக்கருக்கும் விண்ணப்பிக்கவேண்டும். சன் ஃபிலிம் ஒட்டுகிறவர்கள் இதைக் கிழித்துப் போடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: எழுத்து

கார் பிளேட்டில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், தடிமன் 10, இடைவெளி 10. எழுத்துகள் ஆங்கிலத்திலும் எண்கள் நாம் சாதாரணமாக எழுதும் இலக்கங்களிலும் இருக்கவேண்டும். ஆசையாகத் தமிழில் எழுதிக்கொள்பவர்கள் நம் பக்கம் நிறைய பேர், அந்தப் பிரியம் எனக்கும் உண்டு. ஆனால் பதிவு எண்ணாக அது செல்லாது. பிளேட்டில் கட்சிக் கொடி, சாமி படம், ஊர்ப் பெயர் எதுவும் வேண்டாம், அதற்குப் பின் கண்ணாடியில் இடம் இருக்கிறது. கருப்புப் பிளாஸ்டிக் மூடி, பளபளக்கும் விளக்குச் சட்டம் இவையும் வேண்டாம். விதியை மீறினால் முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவை 1500 வரை அபராதம் போடலாம்.

ஸ்டிக்கர் எழுத்தில் இன்னொரு சங்கடம் வேலூர் வெயில். சித்திரைக் கடைசியில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும்போது ஓரம் ஓரமாக உரியத் தொடங்கும். உரிந்த 8 மூன்றாகும், உரிந்த 9 நான்காகும். மாமாவுக்கு வந்த செலானில் நான் பார்த்தது அப்படிப்பட்ட வம்பைத்தான்.

இருட்டிய பிறகு ஒரு சோதனை. விளக்கைப் போட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் இருபது காலடி எடுத்து வையுங்கள், 15 மீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். அங்கிருந்து பின் பிளேட்டைப் படிக்க முடியவேண்டும். முடியாவிட்டால் பிளேட்டுக்கு மேலுள்ள சின்ன பல்பு போயிருக்கும். மலிவான பல்புதான், மாற்றிவிடுங்கள்.

படி 5: உடைந்தாலோ தொலைந்தாலோ

உடைந்த பிளேட்டாக இருந்தால் ஆர்.சி.யோடு உங்கள் கார் கம்பெனியின் ஷோரூமுக்குப் போங்கள். பழைய பிளேட்டை அவர்களிடமே ஒப்படைத்துவிடுங்கள், வீட்டுப் பரணில் போட்டு வைக்காதீர்கள். தொலைந்திருந்தால் முதலில் போலீஸ் ஸ்டேஷன். மழைத் தண்ணீரில் அடித்துக்கொண்டு போயிருந்தாலும் சரி, யாரோ கழற்றியிருந்தாலும் சரி, புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நாளை அந்தப் பிளேட் வேறு ஊரில் வேறு காரில் தென்பட்டால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தச் சீட்டும் அதிலுள்ள தேதியும்தான்.

2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பிளேட்டுக்காக ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு முன் ஆர்டிஓ ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதே பெயரில் போலித் தளங்கள் நிறைய சுற்றுகின்றன.

படி 6: செய்யாத தப்புக்குச் செலான் வந்தால்

பதறாதீர்கள், மெசேஜில் உள்ள லிங்க்கைத் தொடவும் வேண்டாம். செலான் என்று சொல்லி வாட்ஸப்பில் ஒரு ஆப் ஃபைலை அனுப்பி, அதைத் திறந்ததும் வங்கிப் பணத்தை எடுத்துவிடுகிற மோசடி நடக்கிறது. மத்திய அரசுப் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இ-செலான் தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள், அது ஜிஓவி டாட் இன் என்று முடியும். வண்டி எண்ணையும் சேசிஸ் அல்லது இன்ஜின் நம்பரின் கடைசி 5 இலக்கங்களையும் கொடுத்தால் உங்கள் பேரில் உண்மையில் செலான் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இருந்தால் போட்டோவைப் பாருங்கள். நிறம், மாடல், பிளேட்டின் எழுத்து, நேரம், இடம் எல்லாவற்றையும் கவனியுங்கள். வண்டி உங்களுடையது இல்லை என்றால் பணம் கட்டிவிடாதீர்கள். மாமா “போகட்டும், கட்டிடலாம்ப்பா” என்றுதான் சொன்னார். கட்டினால் அந்தத் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அந்தச் சிவப்புக் கார் அடுத்த சிக்னலைத் தாண்டும்போது அடுத்த செலானும் வரும். அந்தத் தளத்திலேயே புகார் பதிய வழி இருக்கிறது. உங்கள் காரின் முன்பின் போட்டோ, லேசர் எண் தெரியும் போட்டோ, ஆர்.சி. நகல் மூன்றையும் இணைத்து, இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை நாலு வரியில் எழுதுங்கள். மாமாவுக்கு மூன்று வாரத்தில் ரத்தாகிவிட்டது. லேசர் எண் போட்டோவை அன்றைக்குத்தான் அவசரமாக எடுத்தோம், அதனால்தான் படி 1-இலேயே எடுத்துவிடச் சொன்னேன்.

படி 7: ஃபாஸ்டேக்கும் போனும்

நம் காரில் உண்மையிலேயே மின்னணு அடையாளம் என்றால் முன் கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேக்தான். 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். பள்ளிகொண்டா டோலிலும் வாணியம்பாடி டோலிலும் நின்று சில்லறை தேடாமல் போவது இதனால்தான். டேக் வாங்கியபோது பதிந்த வண்டி எண் சரியாக இருக்கிறதா என்று வங்கியின் ஆப்பில் ஒருமுறை பாருங்கள். வண்டியை விற்றால் அன்றைக்கே டேக்கை மூடிவிடுங்கள்.

ஆர்.சி., லைசென்ஸ் இரண்டையும் எம்பரிவாகன் அல்லது டிஜிலாக்கர் ஆப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள், சோதனையில் காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள். பரிவாகன் கணக்கில் உங்கள் போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய நம்பர் இருந்தால் செலான் மெசேஜ் உங்களுக்கு வராமலே போய்விடும்.

மாமா இப்போது இரண்டு லேசர் எண்களையும் ஆர்.சி. நகலின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் எழுதி, கார் டேஷ்போர்டில் ஒன்று, வீட்டுப் பீரோவில் ஒன்று என்று வைத்திருக்கிறார்.