எஞ்சின் பழகுமுன் ஏற்காடா? புது பைக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் புது பைக் வாங்கியவர்களின் முதல் வாரம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கோட்டை மாரியம்மன் கோயிலில் பூஜை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், வரும் ஞாயிற்றுக்கிழமை பின்னால் நண்பரை ஏற்றிக்கொண்டு ஏற்காடு. மீட்டரில் நூறு கிலோமீட்டர் கூட ஏறியிருக்காது. அதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள்.

நான் அந்தத் தவறைச் செய்யவில்லை. அதற்கு நேர் எதிரான தவறைச் செய்தேன். "நாற்பதைத் தாண்டாதீர்கள்" என்று விற்றவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஆத்தூர் சாலையில் டாப் கியரில் நாற்பதிலேயே ஆயிரம் கிலோமீட்டரை உருட்டி முடித்தேன். இரண்டு ஆண்டுகளில் சைலன்சரில் நீலப்புகை. ஆயில் அளவுகோலின் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தது. மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றி, உட்சுவரை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். கண்ணாடி போலப் பளபளத்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "இப்படிப் பளபளக்கக் கூடாது, தம்பி" என்றார். என் நாற்பது மட்டுமே காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்; ஆனால் அதற்கும் பங்கு உண்டு.

புதுச் சிலிண்டரின் உட்சுவரில் நுண்ணிய குறுக்குக் கோடுகளை வேண்டுமென்றே கீறியிருப்பார்கள். அந்தப் பள்ளங்களில் ஆயில் தங்கும். மேடுகளில், சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான ரிங் உரசி உரசி, சுவரும் ரிங்கும் ஒன்றுக்கொன்று படியும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் விறைப்பு மட்டுமல்ல, எரியும் வாயுவின் அழுத்தமும்தான். எஞ்சினுக்குச் சுமையே கொடுக்காமல் ஓட்டினால் அந்த அழுத்தம் போதாது; ஆயில் சுவரிலேயே காய்ந்து மெருகு பூசியதுபோல் ஆகிவிடும், ரிங் அதன் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். ரிங்கைத் தாண்டி மேலேறும் ஆயில் எரிவதுதான் என் வண்டியின் நீலப்புகை. ஆக்சிலரேட்டரை அளவுக்கு மீறித் திருகினாலோ சூடு ஏறி, சுவரில் கீறல் விழும். இன்றைய எஞ்சின்கள் முன்பைவிட நுட்பமாகக் கடைந்து வருவதால் அந்தக் காலத்து அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதும் உண்மை. ஆனாலும் வண்டியோடு தரும் கையேட்டில் முதல் கிலோமீட்டர்களுக்கென்று ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. அதைப் பிரிக்காமலே சீட்டுக்கு அடியில் செருகிவிடுகிறோம்.

ஆக, ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதீர்கள். ஓமலூர் வரை நெடுஞ்சாலையில் நேராகப் பிடிப்பதைவிட, நகரத்துக்குள் ஐந்து ரோடும் அஸ்தம்பட்டியும் சுற்றுவது எஞ்சினுக்கு நல்லது. அங்கே வேகம் தானாகவே ஏறி இறங்கும். மீட்டரில் வேகத்தைப் பார்ப்பதைவிட எஞ்சினின் குரலைக் கேளுங்கள். மேல் கியரில் வண்டி உதறினால் அது 'மெதுவாக' ஓட்டுவதல்ல, எஞ்சினைத் திணறடிப்பது. கியரைக் குறையுங்கள்.

ஏற்காட்டுக்குப் போகவே கூடாதா? முதல் சர்வீஸ் வரை பொறுத்தால் நல்லது. போயே தீர வேண்டுமென்றால் தனியாக, காலையில் போங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறும் பாதை அது. பஸ்ஸுக்குப் பின்னால் முதல் கியரில், பாதிக் கிளட்ச்சில் ஊர்ந்தால், காற்றால் குளிரும் எஞ்சினுக்குக் காற்றே கிடைக்காது. ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், பஸ் போகட்டும். இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காததால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. புது பிரேக்கோ இன்னும் படியவே இல்லை.

வாசலில் ஸ்டாண்டு போட்டு, அக்கம்பக்கத்தார் கேட்க உறுமவிடுவதும் வேண்டாம். காலையில் அரை நிமிடம் ஓடவிட்டு, முதல் இரண்டு கிலோமீட்டர் நிதானமாகப் போனால் எஞ்சின் தானாகச் சூடாகும்.

முதல் சர்வீஸை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பல வண்டிகளுக்கு அது 500 முதல் 750 கி.மீ.க்குள் வரும், உங்கள் கையேட்டில் உள்ள கணக்கே முடிவு. "வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது" என்பவர்கள், அன்று வடிக்கும் ஆயிலை ஒருமுறை வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். மீன் செதிலைப் பொடித்துப் போட்டதுபோல் மினுமினுக்கும். உரசலில் உதிர்ந்த உலோகத் துகள்கள் அவை. அதே நாளில் செயினையும் இறுக்கச் சொல்லுங்கள், புதுச் செயின் தளரும்.

டயரை யாரும் நினைப்பதில்லை. புது ரப்பரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பிறகுதான் பிடிமானம் வரும். மலைப்பாதையில் பனிமூட்டத்தால் சாலை நனைந்திருக்கும் காலையில், அந்த டயரோடு வளைவில் வண்டியைச் சாய்ப்பவருக்கு எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது.