மலையில் சிக்கனம்: நாங்கள் செய்து திருத்திக்கொண்ட தவறுகள்

திருப்பூரில் எங்கள் அம்மா வீட்டில் சித்திரை என்றால் வருடச் சாமான் வாங்குகிற மாதம். மிளகாய், மல்லி, துவரம்பருப்பு, புளி எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி, மொட்டைமாடியில் காயவைத்து டின்னில் அடைத்துவிட்டால் அடுத்த வருடம் வரை கவலை இல்லை. கல்யாணமாகிக் குன்னூர் வந்த முதல் வருடம் நானும் அப்படியே செய்தேன். மே மாதம் மேட்டுப்பாளையம் இறங்கி, பத்து கிலோ பருப்பு, மூன்று கிலோ மிளகாய், நிலக்கடலை என்று மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தோம். கிலோவுக்குப் பத்து, பதினைந்து ரூபாய் மிச்சம் என்று சந்தோஷம் வேறு.

ஐப்பசியில் மிளகாய் டின்னைத் திறந்தேன். காம்பைச் சுற்றிச் சாம்பல் பூத்த மாதிரி பூசணம். ஒன்றைக் கிள்ளினால் உடையவில்லை, தோல்வார் போல வளைந்தது. உள்ளே விதையெல்லாம் கறுத்திருந்தது. கடலையில் ஒரு மக்கிய வாடை. "கழுவிக் காயவச்சுக்கலாமா அத்தை?" என்றேன். "வெயிலே இல்லையே கண்ணு, எதுல காயவைப்பே?" என்று கேட்டுவிட்டு, அத்தை டின்னோடு தூக்கிக்கொண்டு போய்க் குழியில் கொட்டிவிட்டு வந்தார்.

அவர் கொட்டியதுதான் சரி. பூசணம் பிடித்த மிளகாயிலும் கடலையிலும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். அது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் முழுதாகப் போகாது. காசு போகிறதே என்று அதைச் சமைத்துப் பிள்ளைகளுக்குப் போடக் கூடாது.

மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்பது காய்ந்த ஊரின் கணக்கு. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடியில் கொட்டித் தீர்க்கும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. இடைப்பட்ட நாட்களிலும் மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. உப்பு தண்ணீர் விடும், அப்பளம் நமத்துப்போகும். அதனால் மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் சாமான் வாங்கி வைக்காதீர்கள். மொத்தமாக வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் தை முதல் பங்குனிக்குள், நல்ல வெயில் இருக்கும்போது வாங்கிக் காயவைத்து, அந்தப் பருவத்துக்குள்ளேயே தீர்த்துவிடுங்கள்.

இந்த இடத்தில் ரேஷன் கடையையும் சொல்ல வேண்டும். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கௌரவம் பார்த்தோ வரிசைக்கு அலுத்தோ வாங்காமல் விடுகிற வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. மாதாமாதம் ஒரு கிலோ பருப்பு என்பது மலைவீட்டுக்குச் சரியான அளவு. பூசணம் பிடிக்கும் முன் தீர்ந்துவிடும்.

கீழே போனால் மலிவா?

துணி எடுக்க, சாமான் வாங்க, செல்போன் மாற்ற என்று எதற்கெடுத்தாலும் கோவைக்கு இறங்குவது அடுத்த தவறு. குன்னூரிலிருந்து போய்வர ஏறக்குறைய 140 கிலோமீட்டர். மலையேற்றத்தையும் சேர்த்து லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கிற காருக்குப் பத்து லிட்டர் பெட்ரோல், அதுவே ஆயிரம் ரூபாய். நாலு பேர் மத்தியானம் சாப்பிட வேண்டும், சாயங்காலம் காபி குடிக்க வேண்டும். "வந்ததே வந்தோம்" என்று சொல்லி எடுக்கிற இரண்டு சட்டை தனி. கீழே போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆஸ்பத்திரிக்கோ விசேஷத்துக்கோ போகிறபோது சேர்த்து முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடும் பழக்கம். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டுக்காரரும் வெகுநாள் இதைச் செய்துகொண்டிருந்தார். இப்போது ஓடுகிற கார்கள் எல்லாமே இன்ஜெக்‌ஷன் இன்ஜின். கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இறக்கத்தில் சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. பெட்ரோல் போவது தானாக நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கும். ஆக, மிச்சம் என்று நினைத்துச் செய்வதில்தான் செலவு கூடுகிறது. அதைவிட முக்கியம், வண்டியின் கனம் முழுவதும் பிரேக்கில் இறங்கும். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பர்லியாறு பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. பாதி வழியிலேயே பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களும் உண்டு. அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இறுகிவிடும். ஏறுவதற்கு எந்த கியரோ, இறங்குவதற்கும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். பிரேக் பேடும் அதிக நாள் வரும்.

குளிருக்கு ஆகும் செலவு

மார்கழி, தையில் கரண்ட் பில் எகிறுவதற்குக் காரணம் ரூம் ஹீட்டரும் கீசரும்தான். 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட். ராத்திரிக்கு இரண்டு மணி நேரம் போட்டால், இரண்டு மாத பில்லில் அதற்கு மட்டும் 240 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை மாறும் என்பது பலருக்குத் தெரியவில்லை. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி கணக்குப் போட்டால், 500 யூனிட்டுக்கும் 510 யூனிட்டுக்கும் வித்தியாசம் முந்நூறு ரூபாய்க்கு மேல். குளிர்காலத்தில் ஒரு மாதம் கழிந்ததும் மீட்டரைப் பார்த்துக்கொண்டால், மிச்சமுள்ள நாட்களில் கையைச் சுருக்கலாம்.

தண்ணீர்க் கணக்கும் இங்கே வேறு. தையில் எங்கள் தொட்டித் தண்ணீர் 14 டிகிரி அளவில் இருக்கும். இருபது லிட்டரை 40 டிகிரிக்குச் சூடாக்க 0.6 யூனிட் ஆகும். கீழே 27 டிகிரியில் வருகிற தண்ணீருக்கு அதில் பாதிதான். அதனால் கீசரை நாள் முழுக்க ஆன் செய்து வைப்பது கீழே இருப்பவர்களைவிட நம்மை அதிகம் கடிக்கும். போட்டு, எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்து, உடனே அணைத்துவிட வேண்டும். மழை இல்லாத நாட்களில் அத்தை ஒரு கறுப்பு டிரம்மில் தண்ணீர் நிரப்பி வெயிலில் வைத்துவிடுவார். உறைபனி விழுகிற காலத்தில் பகல் வெயில் சுள்ளென்று இருக்கும். மதியத்துக்குள் அந்தத் தண்ணீர் நன்றாக வெதுவெதுப்பாகிவிடும். வெயில் விழும் பக்கத்து ஜன்னலைப் பத்து மணிக்குத் திறந்து, நாலு மணிக்கு முன் சாத்தி, கனமான திரையை இழுத்துவிட்டால் ஹீட்டர் போடுகிற நேரம் பாதியாகக் குறைகிறது.

ஆனால் ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். ஹீட்டருக்கு ஆகும் கரண்ட்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று கரி அடுப்பை, இரும்புச் சட்டியில் தணலை, படுக்கிற அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். புகை அடங்கின தணல்தானே என்று தோன்றும். அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலை பாரமாக இருக்கிறதே என்று நினைப்பதற்குள் எழுந்திருக்கக் கால் வராது. தூங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இப்படி உயிர் போன செய்திகளைப் படித்திருக்கிறோம். குளிர் தாங்கவில்லையென்றால் வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்து இரண்டு கம்பளி போர்த்துங்கள்.

அடுப்பும் காய்கறியும்

உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். குன்னூரில் 94, ஊட்டியில் 93 டிகிரிக்கு முன்பின். கொதிக்கிறதே தவிர, சூடு போதாது. நான் வந்த புதிதில் கொண்டைக்கடலையைத் திறந்த பாத்திரத்தில் வைத்து, வேகவில்லை என்று தீயைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு கூட்டினாலும் கொதிக்கிற தண்ணீரின் சூடு ஏறாது, கேஸ்தான் போகும். பருப்பு, கிழங்கு, பயறு எல்லாமே குக்கரில்தான். பயறு வகையை முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும். குளிருக்கு எட்டு மணி நேரம் போதாது, பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, கீழே வைப்பதைவிட ஐந்து நிமிடம் கூட விட்டால் சரியாக இருக்கும். டீயை மூன்று தடவை சூடு பண்ணாமல், ஒரே தடவை போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள்.

பஸ்ஸையும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-ல் வந்தாலும், மலைப்பகுதிகளுக்கு 2024-ல்தான் வந்தது. பழக்கத்தில் இன்னும் பலர் ஷேர் ஜீப்புக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சாதாரண பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று கண்டக்டரிடம் கேட்டு அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டிவைத்தால் போதும்.

அப்புறம் காய்கறி. ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையில் உள்ள கேத்தி பாலாடாவில் பிடுங்குகிற கேரட் மிஷினில் கழுவப்பட்டு, மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி ஏலம் போகிறது. அதில் ஒரு பங்கு மறுபடி மலையேறி நம் ஊர்க் கடைக்கே வருகிறது. ஏற்றுகூலி, இறக்குகூலி, லாரி வாடகை எல்லாம் அந்தக் கேரட்டின் தலையில். பளபளவென்று கழுவின கேரட் சீக்கிரம் அழுகவும் செய்யும். உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய், மண்ணோடு இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். உடைந்ததும் கோணலானதும் அதைவிட மலிவு. சாம்பாருக்கு அரிந்து போடும்போது எது கோணல், எது நேர் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.