மொரிஸ் மைனரின் கூரையை வெட்டுவதற்கு முன்

பழைய மொரிஸ் மைனர் ஒன்றின் கூரையைத் தாழ்த்தி, நேர்கோட்டில் வேகம் பார்க்கும் காராக்கப் போகிறீர்களா? முதலில் சீட்டை வாங்குங்கள். எஞ்சினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கராஜில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சீட் வாங்காமலே, கார் புரண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டை அடித்து, வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தவன் நான். தலை குழாயில் முட்டியது. கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு ஓட்டினால் என்ன என்று அரை மணித்தியாலம் என்னையே ஏமாற்றிப் பார்த்தேன். அடுத்த நாள் காலை கிரைண்டரை எடுத்து மூன்று கிழமை வேலையை அறுத்துத் தள்ளினேன்.

லாண்ட் ஸ்பீட் ரேஸிங் என்பது பக்கத்துக் காரோடு போட்டி போடுவதல்ல. நேர்கோடு, ஒரு கார், ஒரு கடிகாரம், அவ்வளவுதான். இதற்குப் பேர்போன இடம் அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள போனவில் உப்புவெளி. 1949 இலிருந்து அங்கே ஓகஸ்ட் மாதத்தில் ஸ்பீட் வீக் என்ற வேக ஓட்ட வாரம் நடக்கிறது. உப்பு ஈரமாக இருந்தால் அதுவும் இல்லை. 2014, 2015, 2022 மூன்று வருடமும் கைவிட்டார்கள். 2019 இல் மச்சான் வீட்டுக்குப் போனபோது ஒரு குழுவுக்கு எடுபிடியாக நின்று பார்த்தேன். கூரை தாழ்த்திய 1930களின் போர்ட் கூபேக்கள் வரிசையில் நின்றன. அங்கே வின்டேஜ் கூபே என்றால் 1948க்குப் பிந்தாத அமெரிக்கக் கார்கள்தான். நம்முடைய மைனர் அந்த வகுப்பில் சேராது. பரவாயில்லை. இரண்டு கதவு, பின்சீட் இல்லை, கூரை தாழ்வு. எனக்கு அது கூபேதான்.

கார் தேடும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, கடற்கரைக் கார் வேண்டாம். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் நின்ற கார் வெளியே பளபளக்கும். தரைத் தகட்டில் திருப்புளியால் குத்தினால் பிட்டு மாதிரி உதிரும். நான் வாங்கிய ஷெல், அதாவது காரின் வெற்று உடல், பண்டாரவளையிலிருந்து வந்தது. இரண்டாவது, 1956க்கு முந்திய மொடலாக இருக்கட்டும். அதில் முன்கண்ணாடி நடுவில் பிரிந்த இரண்டு தட்டைத் துண்டு. 1956 இல் வந்த மைனர் 1000 இல் அது ஒரே வளைந்த கண்ணாடி. கூரையைத் தாழ்த்தினால் கண்ணாடியும் குட்டையாக வேண்டும். வளைந்த கடினக் கண்ணாடியை வெட்டப் போனால் தூள்தான் மிஞ்சும். தட்டையாக இருந்தால் பொலிகார்பனேட் தகட்டை நாமே வெட்டிப் போடலாம்.

இன்னொன்று, நல்ல காரை வெட்டாதீர்கள். இந்த நாட்டில் மைனர் என்பது பாதிப் பேருக்குத் தாத்தாவின் கார். ரோட்டில் ஓடக்கூடிய ஒன்றை வெட்டினால் சாபம் நிச்சயம். பதிவுப் புத்தகத்தோடு உள்ள சிக்கல் வேறு. பதிவுப் புத்தகமும் இல்லாமல் எஞ்சினும் இல்லாமல் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் ஷெல்லைத் தேடுங்கள். அப்படிப்பட்ட ஷெல்லுக்கே, நான் சோக்கட்டியால் கோடு போட்டபோது தகட்டு வேலை செய்யும் என் டிங்கர் பாஸ் “பவ் நே, மாத்தயா” என்று கையை எடுத்துக்கொண்டார். பாவமாம். போனட்டின் நடுவில் ஓடும் தட்டைப் பட்டியைக் காட்டினேன். இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1948 இல் கார் வெளிவருவதற்கு முன்பே மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி நான்கு அங்குலம் அகட்டிப் பார்த்தவர். அந்தப் பட்டி அதன் தழும்பு. பெற்றவனே வெட்டியிருக்கிறான் என்றதும் பாஸ் கட்டரை எடுத்தார்.

சீட் வந்ததும் தரையில் போல்ட் போட்டுப் பூட்டுங்கள். ஹெல்மெட், கையுறை, தீக்காப்பு உடை எல்லாம் போட்டு உட்காருங்கள். பெல்ட்டை இறுக்குங்கள். இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட்டின் உச்சிக்கு மேல் மூன்று அங்குலம் விட்டு அங்கே கூண்டின் மேற்குழாய். அதற்கு மேல் ஒரு விரல் இடைவெளி, பிறகுதான் கூரை. எவ்வளவு வெட்டலாம் என்பதை இந்த அளவு சொல்லும். படத்தில் பார்த்த கார் சொல்லாது. எனக்குக் கிடைத்தது மூன்று அங்குலம்.

வெட்டும் முறைக்கு வருவோம். கத்தி வைப்பதற்கு முன் கதவு வாசல்களில் பெட்டிக் குழாயால் குறுக்கும் நெடுக்கும் பெருக்கல் குறிபோல் அடித்து இறுக்குங்கள். கூரை விடுபட்டதும் ஷெல் வில் போலத் துள்ளி அகலும். பிறகு கதவு பூட்டாது. முன்தூண்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன, பின்பக்கம் முன்னோக்கி. அதனால் மூன்று அங்குலத் துண்டை எடுத்துவிட்டுக் கூரையை நேரே கீழே இறக்கினால் நான்கு மூலையும் பொருந்தாது. கீழே உள்ள தூண்கள் அகன்று நிற்கும், கூரை குட்டையாக இருக்கும். வழி இரண்டு. கூரையைக் குறுக்கே அறுத்து இடையில் தகடு வைத்து நீட்டலாம். அல்லது முன்தூணின் அடியில் ஒரு ஆப்பு வெட்டி இன்னும் பின்னுக்குச் சாய்க்கலாம். நான் சாய்த்தேன். காற்றுக்கும் அது நல்லது, கூரைத் தகட்டில் நீளமான வெல்டிங்கும் இல்லை. கூரைத் தகடு மெல்லியது, சூட்டில் அப்பளம் போலப் பொங்கிவிடும்.

வெல்டிங்கை ஒரே இழுப்பில் ஓட்டாதீர்கள். ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் எதிர்மூலையில், கைவைத்துப் பார்த்துச் சூடு ஆறிய பிறகு அடுத்தது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கொழும்பில் வெற்றுத் தகட்டை ஓர் இரவு விட்டால் காலையில் மஞ்சள் பூசிக் குளித்தது மாதிரி நிற்கும். அன்றைய வேலைக்கு அன்றைக்கே ப்ரைமர்.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? என் கணக்கு இது. எடுத்தது மூன்று அங்குலம், கூரை அகலம் ஏறத்தாழ 42. காரை முன்னாலிருந்து பார்க்கும் மொத்தப் பரப்பில் இது நூற்றுக்கு நான்கு அளவு. காற்றை வெல்லத் தேவைப்படும் வலு வேகத்தின் மூன்றாம் படியாக ஏறுவதால், மணிக்கு 100 மைல் போகும் காரில் இந்த நான்கு வீதம் தருவது ஒரு மைலும் கொஞ்சமும். ஆறு கிழமை வேலைக்கு ஒரு மைல்! அதே ஒரு மைலை இடைவெளிகளை டேப்பால் ஒட்டியும், அடிப்பக்கத்தை அலுமினியத் தகட்டால் மூடியும், பக்கக் கண்ணாடிகளைக் கழற்றியும் இரண்டு நாளில் எடுக்கலாம். எனவே கூரையை வெட்டாமலே ஓடலாம் என்பதுதான் நேர்மையான ஆலோசனை. வெட்டினால் அழகு. அந்த ஆசை எனக்கும் இருந்தது, மறைக்கவில்லை.

இதே மூன்றாம் படி எஞ்சினுக்கும் வேட்டு வைக்கிறது. 1098 சீசீ மைனரின் வலு 48 குதிரை. மணிக்கு 75 மைல் அளவில் மூச்சு முட்டும். உருவத்தை மாற்றாமல் 100 மைல் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 114 குதிரை வேண்டும். அதனால் கொழும்பின் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் எஞ்சின் தேடி அலைவதற்கு முன் காற்றுக்கு வழி விடுங்கள். கிரில்லைத் தகட்டால் மூடலாம். ஓட்டம் சில நிமிடம்தான், ரேடியேட்டர் அதற்குள் கொதிக்காது. சக்கரங்களுக்குத் தட்டை மூடி வேண்டும். நான் புறக்கோட்டையில் அலுமினியச் சட்டி மூடிகள் நான்கு வாங்கினேன். கடைக்காரர் சட்டி எங்கே என்று கேட்டார். அவற்றை மூன்று போல்ட்டும் பின்பக்க வளையமும் போட்டு இறுக்க வேண்டும். வெறும் திருகாணியில் தொங்கவிட்டால் பறக்கும்.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். மைனரின் எஞ்சின் சேர்ந்த அதே ஏ-சீரிஸ் குடும்பத்தின் 1275 சீசீ போதும். மொரிஸ் மரீனாவிலிருந்தோ எம்.ஜி. மிட்ஜெட்டிலிருந்தோ வரும், நம் மெக்கானிக்குகளுக்குத் தண்ணிபட்ட பாடு.

கியர்தான் முக்கியம். டயரில் சோக்கட்டியால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. ஒரு சுற்று உருட்டி அளந்தால் என் காரில் 1.83 மீற்றர். எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையை அதனால் பெருக்கி, 0.06 ஆல் பெருக்கி, பின்னச்சில் உள்ள டிஃப் கியரின் விகிதத்தால் வகுத்தால் டொப் கியரில் மணிக்குக் கிலோமீற்றர் வரும். 6000 சுற்றில் 4.22 டிஃப் என்றால் 156, 3.9 என்றால் 169, 3.7 என்றால் 178. மிட்ஜெட்டின் டிஃப் மைனரின் அச்சில் உட்காரும் என்பதால் பேராசையில் 3.7 ஐப் போட்டேன். கட்டுக்குருந்தை ஓடுபாதையில் 4800 சுற்றுக்கு மேல் எஞ்சின் ஏறவே மறுத்தது, 142. 3.9 க்கு இறங்கியதும் 5300 வரை இழுத்தது, 149. அங்கே பாதை குட்டை, போனவில்லில் மைல் கணக்கில் இடம் இருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் எஞ்சின் தன் முழு வலுவைத் தரும் சுற்றுக்கு ஏற முடியாத கியர் காகிதத்தில் மட்டும்தான் வேகம்.

கட்டுக்குருந்தை களுத்துறைக்குத் தெற்கே, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை விமானங்கள் இறங்கிய களம். அனுமதியும் அம்புலன்ஸும் இல்லாமல் அங்கே ஓடக் கூடாது. அதிவேக நெடுஞ்சாலையை நினைக்கவே வேண்டாம். அங்கே எல்லை 100, மற்றவர்களின் பிள்ளைகளும் போகிறார்கள். ஆனையிறவு உப்பளத்தில் ஓடினால் என்ன என்று யாழ்ப்பாணத்து நண்பர்கள் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். அது உப்பு விளைவிக்கும் பாத்தி, அடியில் சேறு. கார் இறங்கினால் கிரேனும் இறங்கும்.

காற்றில் செய்த வேலை பலித்ததா என்று அறிய எளிய சோதனை உண்டு. 100 கிலோமீற்றரில் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு 80 க்கு இறங்கும் வரை நேரம் பாருங்கள். இரண்டு திசையிலும் செய்து சராசரி எடுங்கள். டேப் ஒட்டுவதற்கு முன் எனக்கு 11 வினாடி, பின் 12. நீளமாக நீளமாக நல்லது. கம்பளி நூல் துண்டுகளை உடம்பெங்கும் ஒட்டி, பக்கத்துக் காரிலிருந்து வீடியோ எடுத்தால் காற்று எங்கே பிரிகிறது என்பதும் தெரியும். என் காரில் பின்கண்ணாடிக்குக் கீழே நூல்கள் பேய் பிடித்ததுபோல் ஆடின.

போனவில் கடல் மட்டத்திலிருந்து 4,200 அடி உயரம். காற்று மெலிவு, எஞ்சினுக்கு மூச்சுக் குறைவு. பெற்றோலைக் காற்றோடு கலக்கும் எஸ்.யூ. காபரேட்டரின் ஊசியைக் கொழும்பில் சரிபார்த்துப் பயனில்லை. பண்டாரவளை ஏறத்தாழ 4,000 அடி. ஷெல் வாங்கிய இடத்துக்கே எஞ்சினைக் கொண்டுபோய், அந்தக் கோழிக்கூட்டுக்காரரின் முற்றத்தில் வைத்து, இரண்டு படி மெல்லிய கலவைக்கு ஊசியை மாற்றினேன்.

கூண்டுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டவே வேண்டாம். துத்தநாகம் பூசிய ஜீ.ஐ. குழாய் மலிவு என்று கொண்டுவருவார்கள். அது வளையும் இடத்தில் சப்பையாகும், துத்தநாகப் புகை வெல்டர் நெஞ்சில் ஏறிக் காய்ச்சல் வரும். நான் போட்டது 1⅝ அங்குல, மூன்று மில்லிமீற்றர் சுவருள்ள தையலற்ற எஃகுக் குழாய். மைனருக்கு முழுச் சட்டகம் கிடையாது. ஒவ்வொரு காலின் அடியிலும் ஆறு அங்குலச் சதுரத் தகடு வைத்து வெல்ட் செய்யாவிட்டால் கார் புரளும்போது குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு போகும். டயரில் வேக எழுத்து எச் அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர்தான், ஓரமே மிஞ்சாது. உற்பத்திக் கிழமையும் வருடமும் காட்டும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள். பஞ்சிகாவத்தையில் “புதுசு” என்று விற்ற ஒன்று என் மகளைவிட மூத்தது.

போனவில் பரிசோதகர்கள் டயரின் வால்வு மூடி உலோகமா என்பது வரை குனிந்து பார்த்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, ஓட்டுநரைப் பெல்ட்டோடு உட்காரவைத்து, யார் உதவியும் இல்லாமல் தானே வெளியே வா என்று சொன்னது. நீங்களும் இன்றைக்கே தொடங்குங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு பழகுங்கள், புகையில் எதுவும் தெரியாது. முதலில் பற்றரி சுவிட்ச், பிறகு பெல்ட், பிறகு ஜன்னல் வலை, பிறகு கதவு. நான் முதல் தடவை பெல்ட்டை அவிழ்க்க மறந்து கதவைத் திறந்து தொங்கினேன். ஞாயிறு காலைகளில் மகள் கராஜில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போனில் நேரம் பிடிக்கிறாள். வெட்டிய கூரையும் என் வயிறும் ஒன்றுக்கொன்று இடம் விடுவதில்லை. போன மாதம் 19 வினாடி. நேற்று 14.