கானாவும் பிர்ஹாவும் ஒரே மேடையில்: புலம்பெயர் தொழிலாளர்களோடு கலை நிகழ்ச்சி நடத்த நிதி கேட்பது எப்படி?

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. சென்னை வியாசர்பாடியில் எங்கள் எதிர்வீட்டு மாடியில் இருந்த பீகார் பையன்கள் ஆறு பேரும் மூன்று நாள் கீழே இறங்கவில்லை. இரண்டு வருடமாக ஒரே தெருவில் இருந்தும் அவர்களில் ஒருவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. நாலாம் நாள் ராத்திரி மாடியில் டோலக் சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் கானா பாடும் தம்பி தன் டோலக்கோடு மேலே ஏறிப் போனான். அவர்கள் பாடியது பிர்ஹா, பிரிவைப் பாடும் போஜ்புரிப் பாட்டு. நம்முடைய சாவு கானாவும் பிரிவைத்தானே பாடுகிறது? இரண்டும் ஒரே தாளத்தில் வந்து உட்கார்ந்தன.

அதை மேடையேற்றப் பணம் தேடி அலைந்ததில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். தெருவும் பாட்டும் ஆளும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: யார் பெயரில் கேட்கிறீர்கள்?

தனி ஆளா, பதிவு செய்த டிரஸ்ட் அல்லது சங்கமா? முதலில் இதை முடிவு செய்யுங்கள். டிரஸ்ட் இருந்தால் பான் கார்டு, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள், தொண்டு அமைப்புகளுக்கான அரசுத் தளத்தில் கிடைக்கும் என்ஜிஓ தர்ப்பண் எண் நான்கையும் எடுத்து வையுங்கள். இல்லையென்றால், ஒரு நிகழ்ச்சிக்காக அவசரமாக டிரஸ்ட் ஆரம்பிக்காதீர்கள். வருடாவருடம் அதன் கணக்கைப் பார்க்க வேண்டும். தனி ஆளாகவே கேட்கலாம்.

படி 2: எங்கே கேட்பது?

தனி ஆளுக்கு நான் முதலில் சொல்வது பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ். 1995 முதல் நல்கை (கிராண்ட், திருப்பித் தர வேண்டாத நிதி) தருகிறார்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். நம் ஆட்கள் பாதிப் பேர் ஆங்கிலத்துக்குப் பயந்தே பின்வாங்குகிறார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சங்கமாக இருந்து, பதிவாகி மூன்று வருடம் முடிந்திருந்தால், மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா என்ற நிதித் திட்டம் இருக்கிறது. அதில் கலை நிகழ்ச்சிக்கான பிரிவில் பொதுவாக 5 லட்சம் ரூபாய் வரை, அதுவும் மொத்தச் செலவில் 75 சதவீதம்தான் கிடைக்கும். மீதி எங்கிருந்து வரும் என்பதை முன்கூட்டியே யோசியுங்கள்.

அடுத்து, மணலி, எண்ணூர் ஆலைகளின் சிஎஸ்ஆர் பணம், அதாவது நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம். கம்பெனிகள் சட்டம் 2013-இன்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்க வேண்டும். எந்தெந்தப் பணிக்குத் தரலாம் என்று சொல்லும் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கலையும் பண்பாடும் இருக்கின்றன. ஆனால் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவாகாத அமைப்புக்குத் தர மாட்டார்கள்.

வெளிநாட்டுப் பணம் பற்றி ஒரே வார்த்தை: எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் தொடாதீர்கள். பதிவு உள்ள வேறு அமைப்பு வாங்கி உங்களுக்குத் தருவதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு கூடாது.

படி 3: செலவுத்தாள்

நான் விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

என் முதல் விண்ணப்பத்தில் மைக் செட், மேடை, பேனர், வீடியோ, ஒருங்கிணைப்பாளர் சம்பளம் எல்லாம் இருந்தன. கீழே "பயனாளிகள்: 30 புலம்பெயர் தொழிலாளர்கள்" என்று எழுதியிருந்தேன். நிராகரித்துவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. அந்தத் தாளை மாடியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஒருவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "அண்ணா, மைக்குக்குப் பணம் இருக்கு. எங்களுக்கு இல்லையா?"

அவர் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். மேஸ்திரி அடுத்த வாரம் வேறு ஆளைக் கூப்பிடுவார். நான் அவரை மேடையில் பாடச் சொல்லிவிட்டு, தாளில் உதவி வாங்குபவராக எழுதியிருந்தேன். அவர் கலைஞர். கலைஞர் என்று எழுதினால் அவருக்கு ஊதியம் எழுதியே ஆக வேண்டும்.

இரண்டாம் தடவை இப்படி எழுதினேன்:

- ஒத்திகை: 8 பேர் × 6 நாள் × 500 ரூபாய் = 24,000
- நிகழ்ச்சி நாள்: 8 பேர் × 2,000 ரூபாய் = 16,000
- ஒத்திகை நாள் சாப்பாடு, ஷேர் ஆட்டோ
- போஜ்புரி தெரிந்த மொழிபெயர்ப்பாளர்
- எதிர்பாராச் செலவு

அந்த எட்டில் நாலு பேர் பீகார், நாலு பேர் வியாசர்பாடி. எல்லோருக்கும் ஒரே தொகை. இதில் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் வைக்காதீர்கள். ஒத்திகையை ராத்திரி எட்டரைக்கு, ஷிஃப்ட் முடிந்த பிறகு மாற்றினோம். அந்த விண்ணப்பத்துக்குப் பணம் வந்தது.

படி 4: என்ன நடக்கும் என்று எழுதுவது

"விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்" என்று எழுதாதீர்கள். எண்ணக்கூடியதை எழுதுங்கள். நாங்கள் எழுதியது: ஆடி மாதம் கூழ் ஊற்றும் குழுவில் மாடிக்காரர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். அந்த வருடம் மூன்று பேர் இருந்தார்கள்.

வியாசர்பாடிக்கு இது புதிதும் இல்லை. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் இங்கேதான் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் இன்று நம்ம ஊர் சாப்பாடு. இதை விண்ணப்பத்தில் ஒரு பத்தியாக எழுதினேன், நீங்களும் உங்கள் தெருவின் கதையை எழுதுங்கள்.

படி 5: கணக்கு

கணக்குக்கு கூகுள் ஷீட்தான் என் தேர்வு, குழுவில் எல்லோரும் போனிலேயே பார்க்கலாம். ரசீதுக்கு மட்டும் காகிதம்: பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கார்பன் வைத்த வவுச்சர் புக் வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தராதீர்கள், ஆடிட்டர் ஏற்க மாட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே மனு கொடுங்கள். ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிட வேண்டும்.

பின்சேர்க்கை 1: செங்குன்றம் பக்கத்துச் செங்கல் சூளையில் ஒடிசா குடும்பங்களோடு வேலை செய்யும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: பணம் வருவதற்குள் அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், என்ன செய்வது? இது எனக்குத் தோன்றாத விஷயம். மழைக்கு முன் சூளை வேலை முடிந்துவிடும், நல்கை முடிவு வர மாதக்கணக்காகும். அதனால் அடுத்த பருவத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். ஊருக்குப் போகும் முன் போன் நம்பரோடு, ஊரில் இருக்கும் உறவினர் நம்பரும் வாங்கிவையுங்கள்.

பின்சேர்க்கை 2: இன்னொருவர், தன் பாடகரின் படத்தை முகநூலில் பார்த்த கான்ட்ராக்டர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தார். படிக்கவே மனசு கனத்தது. படம் எடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், எல்லோர் முன்னாலும் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். படம் வேண்டாம் என்பவருக்கும் அதே ஊதியம் என்று ஒப்புதல் தாளில் ஹிந்தியில் எழுதுங்கள். நல்கை தருபவருக்குப் படம் கட்டாயம் என்றால், டோலக் மேல் இருக்கும் கைகளை எடுத்து அனுப்புங்கள். நாங்கள் அதைத்தான் அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள்.