ஆங்கில அறிவியல் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒலியில் ஒத்துப்போனால் உறவு என்று முடிவுகட்டுவது நம்மிடையே தொற்றுநோயாகவே பரவியிருக்கிறது. அதற்கு மருந்து, ஒரே ஒரு சொல்லைப் பொறுமையாகத் தோண்டிப் பார்ப்பது. ‘கொரண்டம்’ (corundum) என்ற கனிமப் பெயரை எடுத்துக்கொள்வோம்.

படி 1: பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். கொரண்டம் என்பது படிகமான அலுமினியம் ஆக்சைடு. மோ கடினத்தன்மை அளவுகோலில் அதற்கு 9, வைரத்துக்கு 10. குரோமியம் சிறிது கலந்து சிவந்தால் அதுவே மாணிக்கம். இது பின்னால் உதவும்.

படி 2: சொற்பிறப்பு தரும் ஆங்கில அகராதியைப் புரட்டுங்கள். சொல்லின் இறுதி இலத்தீன்போல் ஒலிக்கிறதே என்று ஏமாற வேண்டாம். தமிழின் ‘குருந்தம்’, அதன் உறவாக வடமொழியின் ‘குருவிந்தம்’ என்று அகராதி சொல்லும். பலர் இங்கேயே கொடியேற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

படி 3: மிகப் பழைய பதிவைத் தேடுங்கள். உழைப்பு கேட்கும் படி இதுதான், சுவையானதும் இதுதான். ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் உட்வர்ட் 1720-களில் தொகுத்த அயல்நாட்டுக் கற்களின் பட்டியலில் ‘நெல்லா கொரிவிண்டம்’, ‘தெல்லா கொன்விண்டம்’ என்று இரண்டு கற்கள் வருகின்றன. முதலாவது நெல்வயல்களில் கிடைப்பது, வயல் எலிகள் தோண்டி வெளியே தள்ளுவது, இரும்பைத் துலக்க உதவுவது. இரண்டாவதன் அருகில் சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டைப் பெயர் இருக்கிறது. மாணிக்கத்தையும் வைரத்தையும் மெருகேற்றப் பயன்பட்டதாம். தெலுங்கில் ‘தெல்ல’ என்றால் வெள்ளை, ‘நல்ல’ என்றால் கறுப்பு. ஆக, உட்வர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்த பெயரில் தெலுங்கு வாடை பலமாகவே அடிக்கிறது.

படி 4: பொருள் பொருந்துகிறதா என்று சோதியுங்கள். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மாணிக்க வகைகளுள் ‘விந்த’த்தையும் சொல்கிறது, உரைகாரர்கள் அதைக் குருவிந்தம் என்கிறார்கள். மாணிக்கமும் கொரண்டமும் ஒரே கனிமம் என்பதால் பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. குருந்தமரத்தை இதற்குள் இழுத்துவராதீர்கள். அங்கே ஒலி மட்டும்தான் ஒன்று.

படி 5: சொல் பயணித்த வழித்தடத்தை ஆண்டுகளோடு குறித்துவையுங்கள். 1798-இல் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் இக்கல்லைப் பற்றி எழுதியபோது ‘கொரண்டம்’ என்றே எழுதினார். குறிப்பேட்டில் ‘தமிழ்’ என்று மட்டும் எழுதாமல், ‘தமிழும் தெலுங்கும் புழங்கிய சென்னை வழியாக’ என்று எழுதுங்கள்.