ஃப்ரீஸ்டைல் ஸ்டாண்ட்-அப் ஜெட் ஸ்கீ: ஹல் வாங்குவதிலிருந்து முதல் முறை எழுந்து நிற்பது வரை

நின்றபடி ஓட்டும் ஜெட் ஸ்கீயில் ஃப்ரீஸ்டைல் பழக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை சிசி என்ஜின் போடலாம்?" என்பதுதான். முதல் வண்டிக்கு யமஹாவின் 701 சிசி டூ-ஸ்ட்ரோக் என்ஜின் தாராளம். பணத்தை ஹல்லிலும் (வண்டியின் உடல்) தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும் பம்பிலும் போடுங்கள், நேரத்தை என்ஜினை நேர்ப்படுத்துவதில் போடுங்கள். ஆயிரம் சிசி என்ஜினைக் கோணலாக உட்காரவைத்த வண்டியைவிட, சரியாக உட்கார்ந்த 701 நன்றாகத் துள்ளும், நீண்ட நாள் உழைக்கும்.

நான் இருப்பது அரிசோனாவில். ஓட்டுவது பெரும்பாலும் கொலராடோ ஆற்றின் ஹவாசு ஏரியில். ஜெட் ஸ்கீ உலக இறுதிப் போட்டி பல ஆண்டுகள் நடந்த ஊர் அது. அதனால் உதிரிபாகமும் விஷயம் தெரிந்த ஆட்களும் கிடைப்பது எளிது. கீழே உள்ள சட்ட விஷயங்கள் அமெரிக்காவுக்கு உரியவை, மற்றதெல்லாம் எங்கும் பொருந்தும். உங்களுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், டூ-ஸ்ட்ரோக் என்றால் என்னவென்று தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஹல் தேர்வு

ஆஃப்டர்மார்க்கெட் ஹல்களில் (வேறு நிறுவனங்கள் தனியாகச் செய்து விற்பவை) பெரும்பாலானவை யமஹா சூப்பர்ஜெட்டை அடிப்படையாக வைத்துத்தான் செய்யப்படுகின்றன. 1990இல் வந்த வண்டி அது. 2020 வரை டூ-ஸ்ட்ரோக்காகவே விற்றது, 2021இல்தான் 1049 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் ஆனது. பழைய சூப்பர்ஜெட் ஒன்றை வாங்கி, அதன் என்ஜின், பம்ப், ஸ்டியரிங்கைக் கழற்றிப் புது ஹல்லில் மாட்டுவதுதான் செலவு குறைந்த வழி. ரிக்டர், க்ராஷ், சூப்பர்ஃப்ரீக், டைகர்கிராஃப்ட் என்று பல ஹல் பெயர்கள் காதில் விழும்.

சூப்பர்ஜெட்டின் நீளம் 2.24 மீட்டர். ஃப்ரீஸ்டைல் ஹல் அதைவிடக் குட்டை, மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும், கார்பனோ ஃபைபரோ போட்டு எடையைக் குறைத்திருப்பார்கள், கால் செருகும் ஃபுட்ஹோல்டும் கூடவே வரும். இவையெல்லாம் வண்டியைக் காற்றில் புரட்டுவதற்காகச் செய்தவை. வேகமாக நேர்கோட்டில் போனால் மூக்கு மேலும் கீழும் ஆடும். ஏரியில் நீண்ட தூரம் போய்வர ஆசை என்றால் சூப்பர்ஜெட்டையே அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஹல் வாங்குகிறவர்கள் ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டிப் பாருங்கள். ஃபுட்ஹோல்டைச் சுற்றி, நின்று ஓட்டும் இடமான ட்ரேயின் அடிப்பக்கம், பம்ப் உட்காரும் இடம் எல்லாவற்றிலும். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கூர்மையாகக் கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் மழுங்கிப் போகும். மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒட்டிய விளிம்பை விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். குதித்துக் குதித்துத் தரையிறங்கும் வண்டி முதலில் விட்டுப்போவது அங்கேதான். என்ஜின் மவுண்ட் போல்ட் இறங்கும் இன்சர்ட்கள் (ஹல்லில் பதித்த உலோக மரைகள்) போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகின்றனவா என்றும் பாருங்கள். சுற்றினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

அப்புறம் காகிதம். ஹல்லில் 12 எழுத்து அடையாள எண் பொறித்திருக்க வேண்டும். புதிது என்றால் தயாரிப்பாளர் தரும் தோற்றச் சான்றையும், பழையது என்றால் உரிமைப் பத்திரத்தையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். அரிசோனாவில் பதிவு செய்வது கேம் அண்ட் ஃபிஷ் துறை. எண் இல்லாத ஹல்லோடு போய் நின்றால் அலைச்சல்தான்.

படி 2: என்ஜின், பம்ப், எரிபொருள்

இரட்டை கார்புரேட்டர் உள்ள 701, அதற்கு ஃபேக்டரி பைப் நிறுவனத்தின் பி-பைப் என்ற எக்ஸாஸ்ட். இதற்கு மேல் முதல் ஆண்டில் எதுவும் தேவையில்லை. பைப் மாற்றியதும் ஜெட்டிங்கையும் (கார்புரேட்டர் விடும் பெட்ரோலின் அளவு) அதற்கு ஏற்றபடி மாற்றியாக வேண்டும், மறந்தால் பிஸ்டன் உருகும். ஹெட்டில் கம்ப்ரஷனை ஏற்றச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். 180 பிஎஸ்ஐ தாண்டினால் சாதாரண பங்க் பெட்ரோலை மறந்துவிட்டு ரேஸ் எரிபொருள் தேடி அலைய வேண்டும். பழகும் காலத்தில் இது வீண்செலவு.

பம்ப் விஷயத்தில் ஹல் எந்த அளவுக்குச் செய்யப்பட்டதோ அதையே போடுங்கள். சூப்பர்ஜெட்டின் சொந்தப் பம்ப் 144 மில்லிமீட்டர், ஃப்ரீஸ்டைலில் 148 பரவலாக ஓடுகிறது. பம்புக்குள் சுற்றும் இம்பெல்லரைப் பொறுத்தவரை உச்ச வேகம் நமக்குத் தேவையில்லை, விரலை அழுத்தின நொடியில் தண்ணீரைக் கவ்வித் தள்ள வேண்டும். பிட்ச் (இறக்கையின் சாய்வு) குறைவானதைக் கேட்டு வாங்குங்கள்.

டோட்டல் லாஸ் இக்னிஷன் என்று ஒன்று உண்டு. பேட்டரியை சார்ஜ் செய்யும் பகுதியே இருக்காது, ஃப்ளைவீல் இலேசாக இருப்பதால் என்ஜின் சட்டென்று ஏறும். போட்டிக்கு அருமையான பொருள். பழகுகிறவர்களோ நாள் முழுக்க விழுந்து எழுந்து ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு சார்ஜ் ஆகும் பழைய ஏற்பாடே நல்லது.

சூப்பர்ஜெட்டில் ஆயில் தனியாகப் போவதில்லை, பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். நான் 40க்கு 1 கலக்கிறேன். 5 கேலன் கேனுக்குச் சரியாக 16 அவுன்ஸ் ஆயில். ஆயிலை முதலில் ஊற்றி, பாதிப் பெட்ரோல் விட்டுக் குலுக்கி, அப்புறம் மீதியை ஊற்றுங்கள்.

படி 3: என்ஜினை நேர்ப்படுத்துவது

இந்தப் படிதான் என்னை மிக அதிகமாகக் காத்திருக்க வைத்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என்ஜினின் பின்முனையில் ஒரு கப்ளர், டிரைவ் ஷாஃப்ட்டின் முன்முனையில் ஒரு கப்ளர். இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் டாம்பர். இரண்டு கப்ளரும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் ரப்பர் அரைபடும், ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் மிட்ஷாஃப்ட் பேரிங் போகும், கடைசியில் கிராங்க் வரை சேதம் ஏறும். தொழிற்சாலை ஹல்லில் எல்லாம் அச்சில் வார்த்தபடி வரும். ஆஃப்டர்மார்க்கெட் ஹல் ஒவ்வொன்றும் கையால் செய்தது, ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பழைய வண்டியில் மவுண்ட்டுக்கு அடியில் இருந்த ஷிம்களை (உயரம் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) அப்படியே கொண்டுவந்து வைத்தால் பொருந்தும் என்று நம்பக் கூடாது.

வரிசை முக்கியம். எல்லோரும் என்ஜினிலிருந்து தொடங்குவார்கள். பம்பிலிருந்து தொடங்குங்கள்.

பம்ப் உட்காரும் முகத்தைச் சுத்தமாகத் துடைத்து, பம்பை மாட்டி முழுவதும் இறுக்குங்கள். மிட்ஷாஃப்ட் ஹவுசிங்கின் போல்ட்களைக் கையால் மட்டும் திருகி, ஹவுசிங் அசையும்படி விடுங்கள். ஷாஃப்ட்டைச் செருகுங்கள். இப்போது ஷாஃப்ட்டை ஒரு கையால் சுற்றிக்கொண்டே, மறுகையால் மிட்ஷாஃப்ட் போல்ட்களை மாற்றி மாற்றிக் கால் திருகு, கால் திருகாக இறுக்குங்கள். சுற்றும் கைக்கு எங்காவது கனம் தெரிந்தால் நிறுத்தி, தளர்த்தி, மறுபடி ஆரம்பியுங்கள். முழுவதும் இறுகிய பின்பும் ஷாஃப்ட் அதே இலகுவோடு சுற்ற வேண்டும். பம்பும் மிட்ஷாஃப்ட்டும் ஒரு கோட்டுக்கு வந்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம்.

இனி என்ஜின். ரப்பர் டாம்பரை எடுத்து வைத்துவிட்டு, என்ஜினை மவுண்ட்களின் மேல் இறக்குங்கள். இரண்டு வகைப் பிழை வரும். ஒன்று உயரமும் பக்கமும்: ஒரு கப்ளர் மற்றதைவிட மேலேயோ இடப்புறமோ தள்ளி இருக்கும். இரண்டு கப்ளர்களின் வெளிவிளிம்பின் மேலும் ஒரு நேர்ப்பட்டையை வையுங்கள். மேலே, கீழே, இடது, வலது என்று நான்கு இடத்திலும் பட்டைக்குக் கீழே வெளிச்சம் தெரியக் கூடாது. இன்னொன்று கோணம்: கப்ளர் முகங்களுக்கு இடையே உள்ள இடைவெளியை அதே நான்கு இடத்தில் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் தகடுகள்) அளந்து எழுதுங்கள். 2 முதல் 4 மில்லிமீட்டருக்குள், நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே அதிகம், கீழே குறைவு என்றால் என்ஜினின் பின்பக்கம் தூக்கியிருக்கிறது. பின் மவுண்ட்டில் ஷிம் எடுக்கலாம், அல்லது முன் மவுண்ட்டில் சேர்க்கலாம். எதைச் செய்வது என்பதை நேர்ப்பட்டை சொல்லும்.

ஒரு தடவைக்கு ஒரு மவுண்ட்டை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். போல்ட்டை இறுக்கும்போது என்ஜின் நகரும், ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பைப்பை மாட்டிய பிறகும் ஒருமுறை அளக்க வேண்டும், பைப் வலிந்து இழுத்தால் என்ஜின் சாயும். எல்லாம் சரி என்றானதும் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, திருகு தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் தடவி இறுக்குங்கள்.

முதல் சில சவாரிக்குப் பிறகு ஹூட்டைத் திறந்து கப்ளரின் அடியைப் பாருங்கள். கறுப்புப் பொடி படிந்திருந்தால் அது டாம்பர் ரப்பர் தேய்ந்து உதிர்ந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் பிசுபிசுப்பில்லாமல் மாவு போல வரும். அதைப் பார்த்த உடனே என்ஜினை மறுபடி அளந்துவிடுங்கள், அடுத்த சவாரி வரை காத்திருக்க வேண்டாம்.

கருவியில் இரண்டு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒன்று நல்ல டார்க் ரெஞ்ச். மற்றது ஜப்பானிய ஜேஐஎஸ் வகை ஸ்க்ரூடிரைவர். மிகுனி கார்புரேட்டர் திருகுகள் அந்த அளவு. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போட்டால் திருகின் தலை வழுக்கிப் பாழாகும். வெஸ்ஸல் கம்பெனி ஸ்க்ரூடிரைவர் எனக்குப் பிடித்தது.

*சேர்த்தது:* ஒரு வாசகர், எல்லாம் அளந்து முடித்த பிறகும் தண்ணீரில் அதிர்வு இருக்கிறது என்று எழுதினார். அவர் வண்டியை ட்ரெய்லரில் ஒரு பக்கம் சாய்ந்தபடி வைத்து வேலை செய்திருக்கிறார். இலேசான ஹல் சாய்ந்த நிலையில் சற்றே முறுக்கும். சமதரையில், அடிப்பாகம் முழுவதும் தாங்கும் ஸ்டாண்டில் வைத்து அளந்ததும் சரியாகிவிட்டது. இன்னொருவர் சொன்ன யோசனையை நானும் எடுத்துக்கொண்டேன்: ஒவ்வொரு மவுண்ட்டின் ஷிம்களையும் தனித்தனியாக டேப்பில் ஒட்டி 'முன் இடது', 'பின் வலது' என்று எழுதி வைப்பது. அடுத்த முறை என்ஜினை இறக்கும்போது பாதி வேலை மிச்சம்.

படி 4: தண்ணீரை வெளியே வைப்பது

புரளும் வண்டிக்குள் தண்ணீர் வரத்தான் செய்யும். அதை வெளியேற்ற பில்ஜ் பம்ப் இரண்டு போடுங்கள், ரூல் 500 மலிவு, நம்பலாம். பம்பின் வெளியேற்றுக் குழாயை ஹல்லுக்குள் எவ்வளவு உயரம் ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றி, வளைத்துப் பிறகு வெளியே கொண்டுபோங்கள். நேராக விட்டால் பம்ப் நின்றதும் ஏரித் தண்ணீர் அதே குழாய் வழியே திரும்பி உள்ளே வரும்.

கவிழ்ந்த வண்டியை எந்தப் பக்கமாகத் திருப்ப வேண்டும் என்பதை ஹல் செய்தவரிடம் கேட்டு, பின்பக்கம் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுங்கள். தொழிற்சாலை வண்டியில் அது ஒட்டியே வரும், இதில் வராது. தப்பான பக்கம் திருப்பினால் எக்ஸாஸ்ட் பாதையில் உள்ள பெட்டியான வாட்டர்பாக்ஸின் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியே சிலிண்டருக்கு ஓடிவிடும்.

வீட்டில் குழாய் மாட்டிக் கழுவும்போது: என்ஜினை முதலில் ஸ்டார்ட் செய்யுங்கள், பிறகு குழாயைத் திறவுங்கள். முடிக்கும்போது குழாயை முதலில் மூடுங்கள், பிறகு என்ஜினை நிறுத்துங்கள். ஓடாத என்ஜினுக்குள் தண்ணீர் விட்டால் அதுவும் சிலிண்டரில்தான் போய் நிற்கும். தண்ணீர் இல்லாமல் 15 விநாடிக்கு மேல் ஓட்டவும் கூடாது.

படி 5: எழுந்து நிற்பது

லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், ஷூ, முழங்காலுக்குக் கீழே ஷின் கார்டு. வெட்சூட்டின் கீழ்ப்பகுதி கட்டாயம். தண்ணீர் பீய்ச்சும் நாசிலுக்குப் பின்னால் விழுந்தால் தண்ணீரின் அழுத்தம் உடலுக்குள் புகுந்து மோசமான காயம் உண்டாக்கும். சாதாரண நீச்சல் உடை அதைத் தடுக்காது. விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கயிறான லேன்யார்டு மணிக்கட்டில் இருக்க வேண்டும்.

ஆழமான தண்ணீரில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் தொடங்குங்கள். பின்பக்கமிருந்து ஹேண்டில்பாரைப் பிடித்து, நெஞ்சை ட்ரேயில் ஏற்றி, த்ராட்டிலைக் கொஞ்சமாகக் கொடுங்கள். குட்டை ஹல் என்பதால் மூக்கு சட்டென்று வானத்தைப் பார்க்கும். உடம்பைக் கைகளால் முன்னுக்கு இழுத்து ஹேண்டில்பாருக்கு அருகே கொண்டுபோனால் மூக்கு இறங்கிவிடும். ஒரு முழங்கால், அப்புறம் மற்றது. மண்டியிட்டபடியே வேகம் எடுத்து, வண்டி தண்ணீரின் மேல் வழுக்க ஆரம்பித்த பிறகு ஒரு பாதம், அப்புறம் அடுத்தது. மெதுவாகப் போகும்போது எழுந்தால் நிச்சயம் கவிழும். ஃபுட்ஹோல்டில் இப்போதைக்குக் கால் வைக்க வேண்டாம். ட்ரேயின் முன்பகுதியில் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து நில்லுங்கள்.

த்ராட்டிலை விட்டால் திருப்ப முடியாது. ஜெட்டின் விசைதான் ஸ்டியரிங். எதிரே ஏதாவது வந்தால் கை தானாக விரலை விடப் பார்க்கும், அப்போது வண்டி நேராக அதன் மேலேயே போகும். த்ராட்டிலைக் கொடுத்துத் திருப்பும் பழக்கம் உடம்பில் ஊறும்வரை பக்கத்தில் வேறு வண்டி இருக்கக் கூடாது. இதில் நான் கண்டிப்பு.

நின்று ஓட்டுவது பழகிய பிறகு 180 டிகிரி திருப்பம், அப்புறம் துள்ளல். முழங்காலை மடக்கி எடையைப் பின்னுக்குக் கொண்டுபோய், விரலை முழுவதும் அழுத்தும் அதே கணத்தில் எழும்புங்கள். வண்டியோடு பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கும் பேக்ஃப்ளிப்புக்கு அவசரம் வேண்டாம். துள்ளலில் மூக்கு ஒரே மாதிரி எழும்பும்வரை அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை.

படி 6: எங்கே ஓட்டலாம், கிளம்பும்போது என்ன

கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக்கை எல்லா ஏரியிலும் இறக்க முடியாது. தாஹோ ஏரியில் 1999 முதல் தடை. மீட் ஏரி தேசியப் பொழுதுபோக்குப் பகுதியில் 2013 முதல், 2006ஆம் ஆண்டின் புகை விதிக்குப் பொருந்தாத வண்டிகளுக்கு இடமில்லை. ட்ரெய்லரை மாட்டுவதற்கு முன் அந்த ஏரியின் விதியைப் படித்துவிடுங்கள்.

ஹவாசுவில் 2007இல், ஏரிக்கு ஏரி பரவிக் கேடு செய்யும் குவாகா சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் கரையேறியதும் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடித்து, துடைத்து, காயவிட்ட பிறகுதான் வேறு ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

*சேர்த்தது:* வடித்த பிறகும் ஹல்லுக்குள் தண்ணீர் மிஞ்சுகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். ஃப்ரீஸ்டைல் ஹல்லில் என்ஜினுக்கு அடியில் ஃபோம் துண்டுகள் இருக்கும், அவற்றின் இடுக்கில் தேங்குகிறது. மூக்கை உயர்த்தி ட்ரெய்லரில் வைத்து, ஹூட்டைக் கழற்றிவிட்டு, ஸ்பஞ்சால் ஒற்றி எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஹூட்டை மூடாமல் ஓர் இரவு விட்டுவிடுங்கள்.