கரிஜினி பள்ளத்தாக்கில் குளிக்கப் போவது எப்படி?

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், பெர்த்திலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 1,400 கி.மீ. வடக்கே கரிஜினி தேசியப் பூங்கா இருக்கிறது. மேலே செம்மண் காடு. தரை சட்டென்று பிளந்து கிடக்கும் இடங்களில், கீழே அருவியும் குளங்களும். இப்படிப் பல பள்ளத்தாக்குகள் அங்கே உண்டு. முதல் முறை என்றால் டேல்ஸ் பள்ளத்தாக்கு போதும்.

படி 1: மே முதல் செப்டம்பருக்குள் தேதி குறியுங்கள். அங்கே அதுதான் குளிர்ப் பருவம். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், பெருமழையும் அப்போதுதான் வரும். கூடாரம் போடும் இடத்தை முன்பதிவு செய்துவிடுங்கள்.

படி 2: பெட்ரோல், குடிநீர், சாப்பாடு எல்லாவற்றையும் டாம் பிரைஸ் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் பங்க் கிடையாது. செல்போன் சிக்னலையும் நம்ப வேண்டாம். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்வையாளர் மையத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்தில் இருக்கும் விட்டனூம் பக்கம் மட்டும் தலைவைக்காதீர்கள். நீல அஸ்பெஸ்டாஸ் தோண்டிய ஊர் அது. மூச்சில் போனால் உயிருக்கே ஆபத்தான அந்த நார் இன்னும் மண்ணில் கிடக்கிறது.

படி 3: டேல்ஸ் பள்ளத்தாக்கின் கார் நிறுத்துமிடத்திலிருந்து படிக்கட்டு வழியாக ஃபோர்டெஸ்கியூ அருவிக்கு இறங்குங்கள். ஊற்று நீர் என்பதால் மழையில்லாத மாதங்களிலும் ஓடும். அடுக்கடுக்காகத் தெரியும் சிவந்த பாறை சுமார் 250 கோடி ஆண்டு பழைய இரும்புப்பாறை. ஈரம் பட்டால் வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ அவசியம்.

அங்கிருந்து மரநிழலில் கொஞ்ச தூரம் நடந்தால் ஃபெர்ன் குளம். எனக்குப் பிடித்தது இதுதான். இந்த மண்ணின் பூர்வகுடி மக்களுக்கு இது புனிதமான இடம். கூச்சல் போடாமல், குதிக்காமல், மரமேடையிலுள்ள ஏணி வழியாக மெதுவாக இறங்குங்கள்.

படி 4: தண்ணீரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் அடியில் வெயில் சரியாக விழாது, உடம்பு சட்டென்று விறைத்துவிடும். நண்பகலில் இறங்கி, நடுக்கம் தொடங்கும் முன்பே கரையேறித் துவட்டிக்கொள்ளுங்கள். மழை அறிகுறி தெரிந்தால், குளியல் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, மேலே வந்துவிடுங்கள். எங்கோ தூரத்தில் பெய்த மழைகூட இங்கே திடீர் வெள்ளமாக வரும்.

ஹான்காக், வீனோ பள்ளத்தாக்குகளின் உட்பகுதி 5ஆம் தரப் பாதை, அதாவது மிகக் கடினமானது. பாறையைப் பிடித்து ஏறி இறங்க வேண்டும், சில இடங்களில் நீந்தவும் வேண்டும். டேல்ஸ் சுலபமாக இருந்தால் மட்டும் மறுநாள் பாருங்கள்.

சரி, இரவு கூடாரத்துக்குத் திரும்பியதும் சாப்பாட்டையும் செருப்பையும் காருக்குள் பூட்டிவிடுங்கள். டிங்கோ என்ற காட்டுநாய்கள் சுற்றும்.